கடலுக்குப் போகும் சந்துகள்

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே இறங்கினால், முட்டுக்காடு வரும்வரை கடல் அநேகமாகக் கண்ணில் படாது. நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி என ஊர்ப் பெயர்ப் பலகைகள் மாறும். பங்களாக்களின் மதில் மட்டும் தொடரும். மதில்களுக்கு நடுவே ஆங்காங்கே ஒரு சந்து பிரியும். அதன் கோடியில் பெரும்பாலும் ஒரு மீனவக் குப்பம் இருக்கும். படகும் வலையும் மீன் கூடையும் போய்வருவதால் அந்தச் சந்தை யாராலும் அடைக்க முடிந்ததில்லை. சனி, ஞாயிறுகளில் நகரத்தார் கால் நனைக்கும் இடங்களும் இத்தகைய சந்துகளின் முடிவில்தான் உள்ளன. புதுச்சேரி வரையிலான ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டரும் சொல்லும் செய்தி இதுவே: கடற்கரையைப் பொதுவாக வைத்திருப்பது காகிதத்தில் உள்ள உரிமையை விட, அங்கே அன்றாடம் நடக்கும் பிழைப்பு.

சட்டம் இல்லாமல் இல்லை. 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, பொதுமக்கள் கடலுக்குப் போகும் வகையில் இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு இடையே குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்றது. ஆனால் அந்த விதி பேசியது விடுதிகளைப் பற்றி. வரிசையாக எழுந்த தனி வீடுகளைப் பற்றி அல்ல. கேட்பார் இல்லாத இடத்தில் இடைவெளி மதிலாகிவிடும். கேட்பவர்கள் வலுவாக இருக்கும் இடத்தின் கதை வேறு. கோவளத்தில் அலைச்சறுக்குக் கற்றுத்தருபவர்களில் பலர் மீனவக் குடும்பத்து இளைஞர்கள். அங்குள்ள கடற்கரைக்கு 2021இல் தூய்மைக்கான நீலக்கொடிச் சான்றும் கிடைத்தது. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குத் தொல்லியல் துறையின் வேலியும் நுழைவுக் கட்டணமும் உண்டு. பக்கத்திலேயே படகுகள் ஏறும் மணலுக்குக் கட்டணம் இல்லை.

பாலாற்றைத் தாண்டினால் நிலமே மாறுகிறது. மதில்கள் குறைந்து, சவுக்குத் தோப்பும் உப்பங்கழியும் வருகின்றன. கடப்பாக்கம் அருகே ஆலம்பரைக் கோட்டையின் இடிபாடுகள் கழிமுகத்தைப் பார்த்து நிற்கின்றன. மரக்காணத்தில் உப்பளங்கள், அவற்றை ஒட்டி, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த கழுவெலி ஏரி. வலசைப் பறவைகளைத் தேடிப் போகிறவருக்கு இங்கே தனியாக நடைபாதை போட வேண்டியதில்லை: உப்பளத் தொழிலாளர் நடந்து நடந்து இறுகிய வரப்புகளும் ஏரிக்கரைகளும் இருக்கின்றன. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடப்பதுதான் முறை. வடக்கே சந்துக்குப் பொருந்தியது தெற்கே வரப்புக்கும் பொருந்துகிறது.

வழியைத் திறந்துவிட்டால் குப்பை சேரும், குடித்துவிட்டுக் கடலில் இறங்கிச் சாவார்கள், பங்குனி ஆமைகள் முட்டையிடும் மணல் மிதிபடும் என்பார்கள். மூன்றும் மெய்யான அச்சங்கள்தான். ஆனால் வழிகள் குறையக் குறையக் கூட்டம் சில இடங்களிலேயே நெரிகிறது. நெரிசலில்தான் குப்பையும் ஆபத்தும் பெருகுகின்றன. சிறு வழிகள் பல இருந்து, மணலில் வண்டி ஏறத் தடையும், தை முதல் பங்குனி வரையிலான முட்டையிடும் பருவத்தில் இரவு விளக்குக் கட்டுப்பாடும் இருந்தால் ஆமைக்கும் நல்லது. ஆமைக்குப் பெருந்தொல்லை, பகலில் நடப்பவரை விட, இரவெல்லாம் கடலைப் பார்த்து எரியும் விளக்குகள்தாம்.

இதைவிடக் கனமான மறுப்பு குப்பங்களிலிருந்தே வரக்கூடும்: வலை காயும் இடத்தில் கார் நிறுத்தினால், நாளை கடை வரும், மறுநாள் விடுதி வரும், முதலில் வெளியேறப் போவது நாங்கள்தானே? இது நியாயமான கேள்வி. பொதுவழி என்பது முன்னுரிமை இல்லாத வழி என்று பொருளல்ல. படகு ஏற்றவும், வலை உலர்த்தவும், மீன் ஏலம் விடவும் தேவையான இடத்தை முதலில் வரைபடத்தில் குறித்துவிட்டு, மீதியைத்தான் பார்வையாளருக்குத் திறக்க வேண்டும். குப்பத்தை அகற்றி அழகுபடுத்திய கடற்கரையில் வழியைக் காக்க ஆள் இருக்காது; அதுவும் ஒருநாள் மதிலுக்குள் போய்விடும்.

அன்றாடப் பிழைப்பே வழியைக் காக்கும் என்பது சைக்கிள்காரர்களுக்கும் பொருந்தும். விடியற்காலையில் இச்சாலையின் ஓரத்தில் ஓட்டுபவர்கள் தனிப்பாதை இன்றி, வாகனங்கள் குறைந்த நேரத்தை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலை நான்குவழியாக விரிகிறது. வேகம் கூடும்போது அந்த ஓரமும் பறிபோகும். பிரித்துக் கட்டிய ஒரு பாதை சைக்கிளில் மீன் விற்கப் போகிறவருக்கும், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும், வேலைக்குப் போகிறவருக்கும் பயன்பட வேண்டும். வார இறுதிக்கு மட்டும் கேட்டால் அது உல்லாசக் கோரிக்கையாகத் தள்ளப்படும். வாரம் முழுக்க ஓட்டுகிறவர்களோடு சேர்ந்து கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம்.