வாக்குத்தானே என்று கேட்ட தம்பிக்கு

லண்டன்
27.11.2016

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அமெரிக்கத் தேர்தல் முடிவு வந்த அன்று போனில், "வாக்குத்தானே அக்கா, பயப்பட என்ன கிடக்கு?" என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

என்னோடு கடையில் வேலை செய்யும் போலந்துப் பிள்ளை மத்தியானத்தில் வாசலில் நின்று தாயோடு கதைப்பாள். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா என்ற ஜூன் 23 வாக்கெடுப்பு முடிந்து நாலாம் நாள், பஸ் தரிப்பில் அவள் கதைப்பதைக் கேட்ட ஒருவன், "நாங்கள் வென்றுவிட்டோம், எப்ப பெட்டி கட்டுறாய்?" என்றானாம். இப்போது தாய் எடுத்தால் சத்தத்தை அமத்திவிட்டுப் போனைப் பைக்குள் வைக்கிறாள். கொழும்பு ரயிலில் அம்மா பொட்டை அழித்துவிட்டு, வாய் திறக்காதேங்கோ என்று எங்கள் கையை இறுக்கிப் பிடித்திருப்பாவே, அதுதான் ஞாபகம் வந்தது.

அவளுக்கு மட்டும் நடந்ததில்லை. முடிவு வந்த கையோடு ஹண்டிங்டனில் போலந்துக்காரரைப் பூச்சி புழுவென்று திட்டிய அட்டைகள் வீட்டு வாசல்களில் கிடந்தன. இனத்தையோ மதத்தையோ சாட்டிச் செய்த குற்றங்கள் ஜூலையில், போன வருட ஜூலையைவிட 41 வீதம் அதிகம் என்று உள்துறை அமைச்சே சொல்லிவிட்டது.

வெளியேறச் சொன்னவர்கள் 1 கோடியே 74 லட்சம் பேர். எங்கட ஆக்களிலும் சிலர் அப்படித்தான் போட்டவை. அவ்வளவு பேரும் வெறுப்புக்காரர் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் பஸ் தரிப்பில் நின்றவன் அத்தனை பேரும் தன் முதுகுக்குப் பின்னால் நிற்பதாக நம்பினான். வெறுப்பு அவனிடம் முந்தியே இருந்திருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லும் துணிவை அந்த எண்ணிக்கை கொடுத்தது. வெறுப்பு முந்தியே இருந்ததற்கு இதுவும் சாட்சி: வாக்குக்கு ஒரு கிழமை முன்னம் எம்.பி. ஜோ காக்ஸைத் தெருவில் கொன்றவனுக்கு இந்தப் புதன்கிழமைதான் ஆயுள் தண்டனை கிடைத்தது.

இலங்கையில் 1956இல் நடந்ததாக அப்பா சொன்னது உனக்கு மறந்திருக்காது. சிங்களம் மட்டுமே அரச மொழி என்று சொல்லி வாக்குக் கேட்டவர்கள் ஏப்ரலில் வென்றார்கள். ஜூன் 5, காலிமுகத்திடலில் அதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழர்களுக்கு அடி விழுந்தது. அதே மாதம் கல்லோயாவில் கொலை. இடையில் இரண்டே மாதம்.

அதுதான் என் பயம். உன் பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளை முக்காட்டோடு தனியே பள்ளிக்கூடம் நடந்து போகிறாள் என்றாயே. தாய் தகப்பனிடம் கேட்டு, கொஞ்ச நாளைக்கு உன் பிள்ளைகளோடு அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு போ, தம்பி.

அன்புடன்,
அக்கா