கண்ணுக்குக் கீழே ஒரு கணக்கு

எங்க விடுதி அறையில மூணு பேர். அதுல ரெண்டு பேர்கிட்ட 'ஐ க்ரீம்' இருக்கு. எல்லாருக்கும் வயசு இருபது, இருபத்தொண்ணு. சுருக்கம்னு ஒண்ணு வர இன்னும் எத்தனையோ வருஷம் இருக்கு. கேட்டா, "வந்தப்புறம் போட்டு என்ன பிரயோஜனம்? முன்னாடியே போடணும்"னு பதில் வருது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பேசற மாதிரியே இருக்கு :-)

பி.காம். படிக்கிறவளுக்குத் தோல் டாக்டர் வேலை எதுக்குன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். ஆனா இந்த விஷயத்துல பாதி மருத்துவம், பாதி வியாபாரம். ரெண்டாவது பாதியைத்தான் எங்களுக்கு மூணு வருஷமா சொல்லித் தர்றாங்க. முதல் பாதிக்காகக் கொஞ்சம் படிச்சேன். அதுக்கு ஒரு காரணமும் இருக்கு, கடைசியில சொல்றேன்.

முதல்ல, சுருக்கம் ஏன் வருது? நம்ம தோலுக்கு உள்ளே கொலாஜன்னு ஒரு புரதம் இருக்கு. தோல் விறைப்பா நிக்கறது அதால. எலாஸ்டின்னு இன்னொண்ணு, இழுத்து விட்டா பழையபடி திரும்பறது அதால. வயசாக ஆக ரெண்டுமே குறையும். இது எல்லாருக்கும் பொது. ஆனா வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர் அந்த வேலையை ரொம்ப வேகப்படுத்திடும். புகை பிடிக்கறதும் அப்படித்தான். இமைத் தோல் உடம்புலயே ரொம்ப மெல்லிசு. அதோட நாம சிரிக்கும்போதும் கண்ணைச் சுருக்கும்போதும் மடிஞ்சுக்கிட்டே இருக்கு. அதனால முதல்ல அங்கேதான் தெரியும்.

வெயில் என்ன செய்யும்னு பார்க்க ஒரு போட்டோ போதும். 2012-ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல வந்தது. 69 வயசு லாரி டிரைவர், 28 வருஷம் வண்டி ஓட்டினவர். முகத்துல வலது பக்கம் சாதாரணமா இருக்கு. இடது பக்கம் மட்டும் தடிச்சு, வரி வரியா தொங்குது. அந்த ஊர்ல டிரைவர் சீட் இடது பக்கம், ஜன்னலும் இடது பக்கம். கண்ணாடி 'யு.வி.பி.' கதிரைப் பெரும்பாலும் தடுத்துடும். 'யு.வி.ஏ.' உள்ளே வந்துடும். ஒரே ஆள், ஒரே வயசு, ஒரே சாப்பாடு. வித்தியாசம் வெயில் மட்டும்தான்.

சரி, க்ரீம் என்ன செய்யுது? உலர்ந்த திராட்சையைத் தண்ணியில போட்டா ஊதுதில்லையா, கிட்டத்தட்ட அதுதான். கிளிசரின், ஹயலுரானிக் ஆசிட் மாதிரி பொருள் எல்லாம் தோலோட மேல் பகுதியில ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். வறட்சியால வந்த மெல்லிய கோடுகள் உப்பி மறையும். இது பொய்யில்லை, கண்ணாடியில நிஜமாவே தெரியும். ஆனா பூசறதை நிறுத்தினா கோடு திரும்பி வந்துடும். ஆழமான சுருக்கத்துக்கு இது எட்டாது.

டப்பாவுல எழுதியிருக்கற வார்த்தையைக் கவனிச்சுப் பாருங்க. "சுருக்கத்தைக் குறைக்கும்"னு இருக்காது. "சுருக்கத்தின் தோற்றத்தைக் குறைக்க உதவும்"னு இருக்கும். 1940-ம் வருஷத்து நம்ம மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டப்படி, அழகுசாதனம்னா சுத்தம் பண்ண, அழகுபடுத்த, தோற்றத்தை மாத்தறதுக்கான பொருள். உடம்போட வேலையையே மாத்தும்னு சொன்னா அது மருந்து, அதுக்கு வேற விதி. அதனால "தோற்றம்", "உதவும்" ரெண்டும் வக்கீல் எழுதின வார்த்தைங்க!

அந்தக் கோட்டைத் தாண்டினவங்க மாட்டியும் இருக்காங்க. 2009-ல பிரிட்டன்ல ஓலே கண் க்ரீம் விளம்பரத்துல 60 வயசு மாடல் ட்விகி சுருக்கமே இல்லாம வந்தாங்க. கண்ணைச் சுத்திப் படத்தைத் திருத்தியிருந்தது தெரிஞ்சதும், இது வாங்கறவங்களைத் தவறா நினைக்க வைக்கும்னு அங்கே விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தீர்ப்பு சொல்லிடுச்சு. 2014-ல அமெரிக்க வர்த்தக ஆணையம், க்ரீம் மரபணுவையே தூண்டும்னு லோரியால் சொன்னதுக்கு ஆதாரம் இல்லைன்னு நடவடிக்கை எடுத்தது. அந்த க்ரீம்ல ஒண்ணோட விலை 132 டாலர் வரைக்கும்!

விலை கூடினா பலனும் கூடுமா? கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்ங்கற அமெரிக்கப் பத்திரிகை 2007-ல சுருக்க க்ரீம்களைச் சோதிச்சுப் பார்த்தது. விலைக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லை. இருக்கறதுலேயே நல்ல க்ரீம் கூட சுருக்கத்தோட ஆழத்தைச் சராசரியா 10 சதவீதத்துக்கும் கம்மியாத்தான் குறைச்சுது. வெறும் கண்ணுக்குத் தெரியறதே கஷ்டம்.

அப்போ எல்லாமே ஏமாத்துன்னு சொல்லிடலாமா? முடியாது. ட்ரெட்டினாயின்னு ஒரு மருந்து இருக்கு, வைட்டமின் ஏ குடும்பம். முதல்ல பருவுக்குத்தான் கொடுத்தாங்க. பூசிக்கிட்டவங்க தோல் மழமழன்னு ஆகறதை ஆல்பர்ட் கிளிக்மேன்ங்கற டாக்டர் கவனிச்சு, 1986-ல ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1995-ல மெல்லிய சுருக்கத்துக்கும் இதைப் பயன்படுத்தலாம்னு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இது கொலாஜனையே திரும்ப உண்டாக்கும். ஆனா மாசக்கணக்குல பொறுமை வேணும், தோல் சிவக்கும், உரியும். கர்ப்பமா இருக்கறவங்க தொடக்கூடாது. டாக்டர் சீட்டு இல்லாம வாங்கற பொருள் இல்லை. கடையில கிடைக்கிற ரெட்டினால் இதோட சாதுவான தங்கச்சி. பலனும் சாதுதான்.

கடை க்ரீம்ல ஒழுங்கா சோதிச்சதும் ஒண்ணு உண்டு. பூட்ஸ் கம்பெனியோட நம்பர் 7 க்ரீமைப் பத்தி 2007-ல பி.பி.சி.யில வந்ததும் பிரிட்டன்ல கடை கடையா காலியாச்சு. 2009-ல ஆய்வு வெளியானது. 60 பேர், ஆறு மாசம். க்ரீம் பூசினவங்கள்ல 43 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். மருந்துச் சரக்கு இல்லாத வெறும் க்ரீம் பூசினவங்கள்ல 22 சதவீதம். அந்த 22-ஐ நான் அடிக்கோடு போட்டு வெச்சிருக்கேன். சும்மா ஒரு க்ரீம் பூசினாலே அஞ்சுல ஒருத்தருக்கு நல்லா தெரியுது. வாங்கறவங்க எதுக்கு எவ்வளவு காசு கொடுக்கிறாங்கன்னு அவங்களுக்கே தெரிய வழியில்லை. பூசாத இன்னொரு முகம் யார்கிட்ட இருக்கு, ஒப்பிட்டுப் பார்க்க?

இப்ப கணக்கு. அறையில இருக்கற ரெண்டு டப்பாவை எடுத்துப் பார்த்தேன். ஒரே கம்பெனி. முகத்துக்குப் பூசறது 50 கிராம் 399 ரூபாய், அதாவது கிராம் 8 ரூபாய். கண்ணுக்குப் பூசறது 15 கிராம் 599 ரூபாய், கிராம் 40 ரூபாய். பின்னாடி இருக்கற பொருள் பட்டியல் முக்கால்வாசி ஒண்ணுதான். சின்ன டப்பா, அஞ்சு மடங்கு விலை!

பலன் உறுதியா நிரூபணமான இன்னொரு பொருள் சன்ஸ்க்ரீன். ஆஸ்திரேலியாவுல நம்பூர்ங்கற ஊர்ல 1992-ல ஆரம்பிச்சு நாலரை வருஷம் சோதிச்சாங்க. 55 வயசுக்குக் கீழே 903 பேர். தினமும் பூசினவங்களுக்கு, இஷ்டத்துக்குப் பூசினவங்களை விட தோல் முதுமை 24 சதவீதம் கம்மி. அளந்தது புறங்கையில. அவங்க பெரும்பாலும் வெள்ளைக்காரங்க. நம்ம நிறத்துக்கு இயற்கையாவே மெலனின் பாதுகாப்பு இருக்கறதால சுருக்கம் தாமதமாத்தான் வரும், கருமை முந்திக்கும். ஆனா நாள் முழுக்க வெயில்ல இருக்கறவங்களை மெலனின் மட்டும் காப்பாத்தாது.

இங்கேதான் அந்தக் காரணம் வருது. எங்க அம்மா திருச்சியில தள்ளுவண்டியில கீரை, காய்கறி விக்கிறாங்க. காலையில ஆறு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் வெயில். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கண் க்ரீம் கொண்டுவந்து, 800 ரூபாய், வாரம் நூறா எட்டு வாரம் கொடுன்னு சொல்லியிருக்காங்க. "நாப்பத்தஞ்சு வயசுதான் ஆகுது. காய் வாங்க வர்றவங்க பாட்டிங்கறாங்கடி. எடுத்துக்கட்டுமா?"ன்னு அம்மா போன்ல கேட்டாங்க. ஆசைப்படறது தப்புன்னு நான் நினைக்கலை. அந்தக் காசுக்கு எது அதிகம் உழைக்கும்ங்கறதுதான் என் கேள்வி.

சன்ஸ்க்ரீன் முகத்துக்கு ஒரு தடவைக்கு ஒரு கிராம் வேணும். 50 கிராம் 400 ரூபாய்னு வெச்சா, ஒரு தடவைக்கு 8 ரூபாய். வேர்வையில கரையும், ரெண்டு தடவையாவது பூசணும். மாசம் 480 ரூபாய். அம்மாவுக்குக் கட்டாது. வண்டிக்கு மேல விரிக்கிற பெரிய குடை 1,460 ரூபாய் சொன்னாங்க. ரெண்டு வருஷம் உழைக்கும்னு வெச்சு நேர்கோட்டு முறையில தேய்மானம் போட்டா, ஒரு நாளைக்கு 2 ரூபாய். தரையில பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கொஞ்சம் வரத்தான் செய்யும், ஆனா நேர் வெயில் நின்னுடும். வந்த சுருக்கத்தைக் குடை எடுக்காது. இனிமே கூடற வேகத்தைக் குறைக்கும்.

வெயில்ல வேலை செய்யறவங்களுக்குத்தான் சுருக்கம் சீக்கிரம் வருது. க்ரீம் விளம்பரத்துல மட்டும் ஏ.சி. ரூம்ல இருக்கறவங்க முகம்தான் வருது.

இதையெல்லாம் அம்மாகிட்ட விளக்கமா சொன்னேன். கொலாஜன், ஆஸ்திரேலியா, லாரி டிரைவர் எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு, "குடையே வாங்கிடலாம். கீரையும் வாடாது"ன்னாங்க. கீரை வாடினா ஒரு நாளைக்கு எவ்வளவு நஷ்டம்னு நான் கணக்குல சேர்க்கவே இல்லை. அதையும் சேர்த்தா குடை இலவசம்.