தோனே நதிக்கரையில் ஒரு படம்

ஜப்பானின் தலைநகராம் தோக்கியோவுக்கு வடகிழக்கே பாயும் தோனே ஆற்றைப் பாலத்தின் வழியே கடந்தால், இபராக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஃபுக்காவா என்னும் ஊரை அடைகிறோம். அங்கே உள்ளது தொக்குமான்ஜி என்னும் பழைய பௌத்தக் கோயில். காண்போர் நெஞ்சை உருக்கும் நேர்ச்சைப் பலகை ஒன்று அங்குப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

தலையில் துணி கட்டிய தாயொருத்தி, தான் அப்பொழுதே ஈன்ற சிசுவின் மூச்சைத் தன் கையாலேயே அடக்குகிறாள். பின்னே விழும் அவளது நிழலுக்குக் கொம்புகள் முளைத்திருக்கின்றன. அருகே, குழந்தைகளின் காவலராக அம்மக்கள் போற்றும் ஜிசோ கண்ணீர் உகுத்து நிற்கிறார்.

1887-ஆம் ஆண்டில் இவ்வூருக்கு வந்த சிறுவன் யானாகிதா குனியோ இப்படத்தைக் கண்டு நடுங்கினான். இங்குள்ள வீடுகளில் பெரும்பாலும் இரண்டே குழந்தைகள் இருந்ததன் காரணம் அவனுக்கு விளங்கிற்று. ஜப்பானிய நாட்டுப்புறவியலின் தந்தையெனப் பின்னாளில் புகழ்பெற்ற அவர், முதுமையிலும் இதனை மறந்தாரில்லை.

இக்கொடுமைக்கு ‘மாபிக்கி’ என்று பெயர். நெருங்கி முளைத்த பயிரைக் கலைத்துவிடுதல் என்பதே அச்சொல்லின் பொருள். 1783-இல் அசாமா எரிமலை வெடித்தது. அக்காலத்துப் பெரும்பஞ்சம் எண்ணற்றோரை மாய்த்தது. எனினும் பசி ஒன்றே காரணமன்று. இருக்கும் நிலத்திற்கு ஏற்பச் சில பிள்ளைகளையே செவ்வனே வளர்க்க வேண்டும் என்று கருதிய வசதியுள்ள இல்லங்களிலும் இவ்வழக்கம் இருந்தது.

ஆனால், அதே இல்லங்களில் கருவுற்ற பெண்ணுக்கு ஐந்தாம் மாதம் ‘நாய் நாள்’ பார்த்து வயிற்றில் கச்சை கட்டி மகிழ்ந்தனர். எளிதில் ஈனும் நாயைப் போல அவளும் துன்பமின்றிப் பெறவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். சுகப்பேறு வேண்டி இப்பகுதிப் பெண்கள் பத்தொன்பதாம் நாள் இரவில் ஒன்றுகூடி வழிபட்டனர். அன்பும் கொலையும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தன என்பதை எண்ணுகையில் நம் உள்ளம் கலங்குகிறது.

ஆட்சியாளர் முதலில் கண்டித்தனர். அச்சுறுத்தும் படங்களைப் பரப்பினர். பின்னர்ச் சில சிற்றரசுகள் கருவுற்றோரைப் பதிவு செய்து, பிள்ளை வளர்க்க உதவியும் வழங்கின. ஷிராக்காவாவின் தலைவர் மாட்சுதைரா சதானோபு அவ்வாறு உதவியவர்களுள் ஒருவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழக்கம் படிப்படியாகக் குறைந்தது, தொட்டில்கள் பெருகின.

படத்தை மீண்டும் உற்று நோக்குவோம். ஓவியர் கொம்புகளை நிழலுக்கே வைத்தார். தாயின் முகத்தை மனித முகமாகவே விட்டுவைத்தார். அம்முகத்தை நோக்கிக் கல்லெறிய நமக்குக் கை எழவில்லை. பிள்ளைப்பேற்றை அஞ்சும் இல்லத்தின் கதவை, பழிச்சொல்லோடு அன்றி அரிசியோடு சென்று தட்டியவர்களையே நன்றியுடன் நினைக்கத் தோன்றுகிறது.