மிரட்டலும் மறியலும்

வீட்டினுள் ஒருவர் மற்றவரைப் பார்த்து, "உன்னைக் கொன்றுவிடுவேன்" என்று சொன்னால் அச்சொல் குற்றமாகுமா? வெறும் வாய்ப்பேச்சுத்தானே என்று விட்டுவிடுவோர் எம்மிடையே பலர். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துத் தண்டனைச் சட்டக்கோவை அவ்வாறு கருதவில்லை. கொல்வேன் என்றோ, கடுங்காயம் விளைப்பேன் என்றோ மிரட்டி, கேட்டவரை நீடித்த அச்சத்துக்கு ஆளாக்கினால், சொன்னதைச் செய்யும் எண்ணம் இல்லாதிருந்தாலும் அது குற்றமே என்கிறது அதன் 422 ஆம் பிரிவு. ஓராண்டு மாவட்டச் சிறை முதல் மூன்றாண்டு மாநிலச் சிறை வரை தண்டனை கிடைக்கலாம். மிரட்டியவரும் மிரட்டப்பட்டவரும் ஆணும் பெண்ணுமா, இருவரும் ஆண்களா, இருவரும் பெண்களா என்று அச்சட்டம் வினவுவதில்லை.

ஒருபால் துணைவரைப் பற்றிக் குடும்பப் பகுதியில் எழுதலாமோ என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். அச்சம் குடிகொண்ட வீடு எவருடையதாயினும் அது இப்பகுதிக்குரிய பொருளே என்பது எமது துணிபு.

இத்தகைய வழக்குகளில் சிறை ஒன்றுதான் வழியா? கைது செய்வதே மருந்து என்னும் நம்பிக்கை அமெரிக்காவில் வேரூன்றியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1981, 1982 ஆம் ஆண்டுகளில் மினியாபொலிஸ் நகரப் பொலிசார் ஒரு சோதனையில் ஈடுபட்டனர். வீட்டுச் சண்டை பற்றிய முறைப்பாடு வந்தபோது சிலரைக் கைது செய்தனர்; சிலருக்குப் புத்திமதி கூறினர்; சிலரை எட்டு மணி நேரம் வீட்டைவிட்டு அகற்றினர். கைதானோரே மீண்டும் கைநீட்டுவது குறைவு என்று லோறன்ஸ் ஷேர்மன், றிச்சர்ட் பேர்க் என்னும் ஆய்வாளர் 1984 இல் அறிவித்தனர். மாநிலங்கள் பல அவ்வழியே சட்டஞ் செய்தன. ஆனால், வேறு நகரங்களில் அச்சோதனையை மீண்டும் நடாத்தியபோது முடிவு ஒருபடித்தாக இருக்கவில்லை. மில்வாக்கி நகரில் தொழில் உள்ளவரைக் கைது அடக்கியது. தொழிலற்றவரையோ மேலும் மூர்க்கராக்கியது. இழப்பதற்கு ஏதேனும் உள்ளவனையே அவமானம் திருத்தும் போலும்!

மிரட்டப்பட்டவர் வேண்டுவதுதான் யாது? பெரும்பாலும் துணைவரின் சிறைவாசம் அன்று. மிரட்டல் நிற்க வேண்டும் என்பதே. துணைவர் உள்ளே போனால் வீட்டு வாடகையை யார் கொடுப்பது? ஒருபால் துணைவருக்கோ இன்னுமொரு பாரம் உண்டு. பொலிசாரை அழைத்த மறுகணமே, பெற்றோரும் தொழில் தருபவரும் அறியாதிருந்த உறவு ஊரறிந்ததாகிவிடக்கூடும். இதனை நன்கறிந்த கொடுமைக்காரர், "உன் தாய் தகப்பனுக்குச் சொல்லிவிடுவேன்" என்பதையே ஆயுதமாக்குவர். இம்மிரட்டல் 422 ஆம் பிரிவுக்குள் அடங்காது. ஆனால், குடும்ப நீதிமன்றம் வழங்கும் தடைக்கட்டளை பரந்தது. துணைவரை அடக்கியொடுக்கி ஆளும் நடத்தையையும் 2021 முதல் அது கருத்திற் கொள்கிறது. விசாரணையின் பின் ஐந்தாண்டு வரை நீடிக்கலாம். எவரும் சிறை செல்லாமலே வீட்டில் அமைதி திரும்ப வழியுண்டு. கட்டளையை மீறினாலே சிறை.

குற்றவாளியெனத் தீர்ப்பான பின்னரும் நீதிபதி நன்னடத்தைக் காலம் விதிக்கலாம். இது முதுகைத் தட்டி அனுப்புவது என்று எண்ண வேண்டா. வீட்டு வன்முறை வழக்காயின் குறைந்தது 36 மாதங்கள், பாதுகாப்புக் கட்டளை, அதனுடன் ஓராண்டுக்குக் குறையாத திருத்த வகுப்பு. வாரந்தோறும் இரண்டு மணி நேரம். தக்க காரணம் காட்டினும் மூன்று நாள்களுக்கு மேல் வராதிருக்க முடியாது. (எமது கல்லூரியில் இவ்விதியைக் கொண்டுவந்தால் எழும் ஆரவாரத்தை எண்ணிப் பார்க்கிறோம்.) துணைவர் இருவரையும் ஒன்றாக இருத்திப் பேசுவதற்கு அவ்வகுப்பில் இடமில்லை. எமது ஊர்ப் பெரியோர் இருபகுதியாரையும் திண்ணையில் இருத்திச் சமாதானம் பேசுவது வழக்கம். பேச்சு முடிந்ததும் அஞ்சுபவர் எவருடன் வீடு திரும்ப வேண்டுமோ அவரே பக்கத்தில் இருக்கையில், வாயிலிருந்து மெய் எவ்வாறு வரும்? இவ்விடயத்தில் கலிபோர்னியாச் சட்டம் எமது பெரியோரினும் கூர்மையானது என்றே கூறுவோம்.

அதே சட்டம் இன்னோரிடத்தில் தடுமாறுகிறது. வகுப்பில் ஆண்கள் ஆண்களுடனும் பெண்கள் பெண்களுடனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆண் பெண்ணை அடக்கும் வழக்குகளை மனத்திற்கொண்டு எழுந்த விதி அது. தன் துணைவனை மிரட்டிய ஆண், மனைவியரை அடித்த ஆண்கள் நடுவே இருந்து தன் கதையை எங்ஙனம் சொல்வான்? சிற்றூரொன்றில் இரு பெண்களும் கைதாகித் தண்டனை பெற்றால், இருவரும் ஒரே வகுப்பு வாயிலில் சந்திக்கவும் நேரலாமன்றோ?

இருவரும் கைதாவது வெறுங் கற்பனை அன்று. அமெரிக்கப் பொலிசாரின் 2000 ஆம் ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தோர், ஒருபால் துணைவர் வழக்குகளில் இருவரையுமே கைது செய்தல் மிக அதிகம் எனக் கண்டனர். ஆணும் பெண்ணுமாயின் யார் கொடியவர் என்பதைப் பொலிசார் பழக்கத்தால் ஊகித்துவிடுவர். ஒரே உடற்கட்டுள்ள இருவர் நின்றால் அவ்வூகம் உதவாது. முதலிற் கைநீட்டியவரை அன்றி, மேலோங்கி நின்று வருத்தியவரையே கண்டறிய முயலுமாறு கலிபோர்னியாச் சட்டம் பணிக்கிறது. அச்சுறுத்தலையும் முன்னைய கொடுமைகளையும் தற்காப்பையும் ஆராயச் சொல்கிறது. இவ்வாராய்ச்சி பிழைத்தால், சிறைக்குப் பதிலான வகுப்பும் மிரட்டப்பட்டவருக்கே இரண்டாவது தண்டனையாகும்.

எமது நாட்டிலும் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் சிறையை முன்வைக்கவில்லை. நீதவான் நீதிமன்றம் பன்னிரண்டு மாதங்கள் வரை பாதுகாப்புக் கட்டளை வழங்கலாம். உளவளத் துணைக்கும் அனுப்பலாம். நல்ல ஏற்பாடு. ஆயினும், 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு ஒருபால் உறவைக் குற்றமாக்கியது; 1995 ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் அதனுட் சேர்த்தது. அதனை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என்று உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்மானித்தும், அச்சட்டமூலம் நிறைவேறவில்லை. துணைவரின் மிரட்டலுக்கு அஞ்சி நீதிமன்றப் படியேறும் ஒருவர், அவர் யார், எவ்வுறவு என்ற முதற் கேள்விக்கே தம்மைக் குற்றவாளியாக்கும் விடையைச் சொல்ல வேண்டியவராகிறார்.