மண்ணரையில் ஒரு இரும்புப் படகு

பருத்தித் துணிக்கு அடர் நிறம் ஏற்ற வேண்டுமென்றால் சாயத் தண்ணீரில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுவார்கள். கடல் தண்ணீரில் இருப்பதே சுமார் 35 கிராம்தான். நான் பிறந்து, கல்யாணமாகி, இன்னும் குடியிருக்கிற மண்ணரையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் உப்பு இரும்பை என்ன செய்யும் என்பது எங்களுக்குத் தெரியும். அப்பாவின் பட்டறையில் சாயப்பட்டறைகளுக்கான எஸ்.எஸ். வெசல்கள் செய்தோம். 316 என்கிற உயர்ந்த ரகத்தைக்கூட, சூடான உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும் மூலைகளில் ஊசி குத்தியதுபோல் துளைத்துவிடும். வெளியே கண்ணாடியாக மினுங்கிக்கொண்டே இருக்கும், உள்ளே ஓட்டை விழுந்திருக்கும். சாதா இரும்பு அப்படியல்ல. துருவேறினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நான் ஆர்கான் வெல்டிங் கற்றுக்கொண்டது ஆள் பற்றாக்குறையால், பெண்ணுரிமையால் அல்ல. 19 வயதில், வெல்டர் ஒருவர் சொல்லாமல் நின்றுபோன வாரத்தில், அப்பா டார்ச்சைக் கையில் கொடுத்தார். "அம்மிணிக்குக் கை நடுங்காது" என்று பெருமையாகச் சொல்வார். பார்ட்டி வரும்போது மட்டும் முகமூடியைக் கழற்றிவைத்துவிட்டு டீ வாங்கிவரச் சொல்வார். பெண்பிள்ளை வைத்த வெல்டிங் என்று தெரிந்தால் விலையைக் குறைத்துக் கேட்பார்களாம். என் கையால் ஒட்டிய எத்தனையோ வெசல்கள் இந்த ஊரில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றிலும் என் பெயர் இல்லை.

2011 ஜனவரியில், நொய்யல் கெட்டுப்போன வழக்கில், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எங்களுக்கு ஆர்டர் நின்றது. அந்த வெறும் மாதங்களில்தான் பெர்னார் மொய்த்தெசியே என்ற பிரெஞ்சுக்காரரின் 'ஜோஷுவா' படகைப் பற்றிப் படித்தேன். 12 மீட்டர் நீள இரும்புப் பாய்மரப் படகு. 1960களின் தொடக்கத்தில் அதைக் கட்டியது துறைமுகத்தில் அல்ல, ஷோஃபாய் என்ற உள்நாட்டு ஊரில், கொதிகலன் செய்கிற பட்டறையில். பாய்மரங்களுக்குத் தந்திக்கம்பங்கள். கொதிகலன் பட்டறை என்ற இடத்தில் நிறுத்திவிட்டு இரண்டாம் தடவை படித்தேன். அது எங்கள் பட்டறைதானே!

படகு கட்டுவதன் முதல் வேலை இரும்பில் இல்லை, தரையில். முழு அளவில் படகின் வளைவுகளைத் தரையிலேயே வரைய வேண்டும். அந்தக் கோடுகளை வைத்து விலா எலும்புபோலச் சட்டங்கள் செய்து, பெரும்பாலும் கவிழ்த்த நிலையில் நிறுத்தி, மேலே தகடு போர்த்தி ஒட்டி, கிரேன் வைத்துப் புரட்டுவார்கள். பனியன் கம்பெனியில் வேலை செய்த யாருக்கும் இது புதிதில்லை. தட்டையான துண்டுகளை வெட்டி, சேர்த்து, உடம்பின் வளைவைக் கொண்டுவருகிற பேட்டர்ன் வேலை இது. ஒரே வித்தியாசம், பனியன் துணி இழுத்தால் வரும், தகடு ஒரு திசையில் மட்டும்தான் வளையும். (எங்கள் ஊரில் கட்டிங் மாஸ்டர் என்றால் ஆண்தான். பிசிறு வெட்டவும், செக்கிங் பார்க்கவும், மடிக்கவும் பெண்கள். துணியின் வடிவத்தைத் தீர்மானிக்கிற மேசைக்கு அருகில் எங்களை விட்டதில்லை.)

ஒட்டுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. ஒரே மூச்சில் நீளமாக ஒட்டினால் சூட்டில் தகடு நெளிந்துபோகும். இங்கே ஒரு சாண், எதிர்ப்பக்கம் ஒரு சாண், பிறகு ஆறவிட வேண்டும். அவசரப்பட்ட படகுகளைப் பார்த்தாலே தெரியும், சோறில்லாத நாய் மாதிரி விலா எலும்பு எண்ணலாம்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது வேறொன்று. வீட்டில் படகு கட்டியவர்கள் மணிக்கணக்கு எழுதிவைப்பார்கள். பத்து மீட்டர் இரும்புப் படகுக்கு ஐந்தாயிரம் மணி நேரம் என்பது சாதாரணமாகச் சொல்லப்படுகிற கணக்கு. வாரத்துக்கு இருபது மணி நேரம் என்றால் ஐந்து வருஷம். யாருடைய இருபது மணி? அந்த நேரத்தில் துணி துவைத்தது யார், காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குக் கஞ்சி வைத்தது யார் என்பதற்கு அந்த நோட்டில் பத்தி இல்லை. என் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். ஞாயிறு மதியம் இரண்டிலிருந்து ஐந்து வரை. வருஷத்துக்கு 150 மணி நேரம். 33 வருஷம். முடியும்போது எனக்கு 71 வயது.

மொய்த்தெசியேயின் மனைவி பிரான்சுவாஸ் பற்றி ஒரு வார்த்தை. 1965-66இல் தஹிதிக்குப் பக்கத்துத் தீவிலிருந்து ஹார்ன் முனை சுற்றி ஸ்பெயின் வரை, எங்கும் நிற்காமல், 126 நாள் அவரோடு ஜோஷுவாவில் வந்தவர். 1968இல் உலகைத் தனியாகச் சுற்றும் பந்தயத்துக்குக் கிளம்பிய கணவர், 1969இல் பந்தயத்தைக் கைவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் தஹிதிக்கே போனார். அதை ஞானியின் துறவாகக் கொண்டாடுகிறார்கள். நானும் ரசித்துத்தான் படித்தேன். ஆனால் கரையில் காத்திருந்தவர் அப்படித் திரும்பாமல் போயிருந்தால் அதற்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள்?

உலகை முதன்முதலில் தனியாகப் பாய்மரப் படகில் சுற்றிய பெண், போலந்தின் கிறிஸ்டினா ஹொய்னோவ்ஸ்கா-லிஸ்கியேவிச், கப்பல் கட்டும் பொறியாளர். அவருடைய பயணம் 1976லிருந்து 1978 வரை. நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமி, தில்னாவோடு சேர்ந்து 'தாரிணி'யில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி 2025 மே மாதம் திரும்பினார். இருவரும் கடற்படை அதிகாரிகள். தாரிணி இரும்பு அல்ல, ஃபைபர். அதுவும் கோவாவில் கட்டப்பட்டதுதான். அவர்கள் திரும்பிய செய்தியை என் மகள்தான் போனில் காட்டினாள்.

அந்த வாரம் தரையில் சாக்பீஸால் வரைய ஆரம்பித்தேன். பத்து மீட்டர் இல்லை, ஏழு. மூன்று மில்லி தகடு, சதுர மீட்டருக்கு 24 கிலோ. இவ்வளவு சிறிய படகுக்கு இரும்பு கனம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், உண்மைதான். எனக்குத் தெரிந்த பொருள் இரும்பு. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "மூளிக்குளத்துல விடப்போறயாக்கு?" என்றார். பாலக்காட்டுக் கணவாய் வழியாக லாரியில் கொச்சிக்குப் போகும் என்றேன். நம்பவில்லை.

தகடு வாங்க என் வளையல் இரண்டை விற்றேன். வீட்டில் வெடித்தது அங்கேதான். "பொட்டப்புள்ளய வெச்சுக்கிட்டு நகைய இரும்பாக்குவாங்களா?" என்று அத்தை மூன்று நாள் பேசவில்லை. வீட்டுக்காரர், "கடல்ல குளிச்சதுகூட இல்ல, உனக்குப் படகெதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி. என் தம்பி ஒரு பழைய ஜீப்பை மூன்று வருஷமாகப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறான். அதை எதுக்கு என்று யாரும் கேட்டதில்லை, பையனுக்கு அதில் ஒரு இது என்பார்கள். நான் தையல் மெஷின் வாங்கியிருந்தால் கேள்வியே வந்திருக்காது, அது குடும்பத்துக்கு. எதற்கும் உதவாத ஒன்றை ஆசைப்பட்டதுதான் குற்றம். பதிலாக நான் காரணம் எதுவும் சொல்லவில்லை. ஞாயிறு காலைச் சமையல் இனி என்னுடையது இல்லை என்று மட்டும் சொன்னேன். இப்போது மகனும் அவரும் செய்கிறார்கள். சோறு குழைகிறது. எனக்கு வாரத்துக்கு ஏழு மணி நேரம் ஆகிவிட்டது.

ஓடு முடிந்தாலும் படகு முடியாது. செலவிலும் உழைப்பிலும் ஓடு ஒரு பங்குதான். அடிப்பாரம், எஞ்சின், வயரிங், மரவேலை, கடல் ஆட்டத்திலும் சாயாமல் நிற்கிற அடுப்பு எல்லாம் அதற்குப் பிறகு. இரும்புப் படகு வெளியிலிருந்தல்ல, உள்ளே வியர்த்துத்தான் துருவேறும், அதனால் ஒவ்வொரு மூலையிலும் தண்ணீர் வடிய வழி வேண்டும். பாயை நானே தைப்பேன். திருப்பூர்ப் பின்னல் துணி உதவாது, காற்றில் இழுபட்டுவிடும். நெய்த பாலியெஸ்டர் வேண்டும், ஜிக்ஜாக் தையல்.

நான்கு சட்டங்கள் நிற்கின்றன. தகடு எடுக்கப் போனபோது கடைப்பையன் பில் புத்தகத்தைத் திறந்து, "எந்த டையிங்குக்குங்க வெசலு? பில்லு அப்பா பேருக்கா, மாமா பேருக்கா?" என்றான். என் பெயரைச் சொன்னேன். இரண்டு தடவை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை வந்து இறங்கியது. மழை பிடிப்பதற்குள் பிரைமர் அடித்தாக வேண்டும்.