திட்டக்குடியில் ஒரு வைத்தியம்

வைத்தியரைத் தேடிப் பிரயாணம் போகிறவர்கள் உண்டு. பிரயாணம் போன இடத்தில் வைத்தியரைத் தேடுகிறவர்களும் உண்டு. ஆனால் எங்களைச் சுமந்து வந்த வாகனமே நோயாளியாகி, வைத்தியநாத சுவாமி கோவில் கொண்டிருக்கும் ஊராகப் பார்த்து நின்றுவிட்டதை என்னவென்று சொல்வது?

நோயாளி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் மோட்டார் வண்டி. இக்காலத்து இளைஞர் பலர் அதைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள். இங்கிலாந்தில் 1959-ஆம் ஆண்டு 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயருடன் பிறந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். நாடு சுதந்திரம் அடைந்த மறு வருஷம், 1948-இல், நம் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி, 1961 முதல் அதைப் பெருங்களத்தூர்த் தொழிற்சாலையில் உருவாக்கி வந்தது. அத்தொழிற்சாலை 1980-களின் இறுதியில் ஓய்ந்துவிட்டது. ஆயினும் அதன் குழந்தைகளில் ஒன்றை எங்கள் தகப்பனார் 1974-இல் பழைய வண்டியாக விலைக்கு வாங்கினார். அவர் காலமான பிறகும் அது எங்கள் வாசலில் நின்றது.

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் திருச்சியிலிருந்து விருத்தாசலத்துக்குப் புறப்பட்டோம். உல்லாசப் பிரயாணம் அன்று, வண்டியை விற்பதற்காகத்தான். விருத்தாசலத்தில் ஒருவர் விலை பேசி, முன்பணமும் அனுப்பியிருந்தார். "ஒழிந்தது சனியன்!" என்றாள் எங்கள் இல்லத்தரசி. கல்லூரியில் படிக்கும் எங்கள் பெண் மட்டும் ஒன்றும் பேசாமல் பின் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

பெரம்பலூர் தாண்டியதுமே சோர்வு தெரிந்தது. சிறு மேட்டைக் கண்டாலும் வண்டி பெருமூச்சு விட்டது. எங்கே நிறுத்தினாலும் யந்திரம் அணைந்தது. இதற்கு எங்களிடம் ஒரு கைமருந்து உண்டு. நின்ற நிலையில் யந்திரம் ஓடும் வேகத்தை, மெக்கானிக்குகள் 'ஸ்லோ' என்று சொல்வதை, கார்புரேட்டரிலுள்ள ஒரு திருகு நிர்ணயிக்கிறது. அணையும்போதெல்லாம் அதைக் கால் சுற்று முடுக்கிவிடுவோம். ஒரு வருஷமாக இப்படி முடுக்கி முடுக்கி, நிற்கும்போது சிங்கமாய்க் கர்ஜிப்பதும், ஓடும்போது ஆட்டுக்குட்டியாய்த் தள்ளாடுவதும் வண்டியின் சுபாவமாகிவிட்டன.

தொழுதூரில் பெரிய சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினோம். வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடிய வெள்ளாற்றின் கரையிலே இருக்கிறது திட்டக்குடி. வசிஷ்டர் பூஜித்த தலமாதலால் வசிஷ்டகுடி என்று வழங்கிய பெயரே திரிந்து திட்டக்குடி ஆயிற்று என்பார்கள். ஊர் எல்லைக்குள் நுழையும்போது உச்சி வேளை. கோவில் நடை சாத்தியிருந்தார்கள். ரேடியேட்டரிலிருந்து ஆவி சீறியது. வண்டி நின்றுவிட்டது.

சாலையோரத்து வேப்பமர நிழலில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதில் ஒரு முதியவர். ஹெரால்டைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. நாங்கள் வாய் திறக்குமுன் வண்டியின் முன்புறம் முழுவதையும், மட்கார்டுகளோடு சேர்த்து, முன்பக்கமாகச் சாய்த்துத் திறந்தார். இந்த வண்டிக்கு உரிய சௌகரியம் அது. முன் டயரின் மேல் திண்ணையில் அமர்வதுபோல் அமர்ந்து, யந்திரம் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு ஓடவிட்டுக் காது கொடுத்தார்.

"ஸ்லோவை யார் இவ்வளவு ஏற்றியது?"

"நாங்கள்தான்."

"காய்ச்சல்காரனைத் தட்டி எழுப்பி ஓடவிட்டிருக்கிறீர்கள், சார்."

யந்திரத்தை அணைத்துவிட்டு, 'டெல்கோ'வின் மூடியைக் கழற்றினார். நான்கு சிலிண்டர்களுக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத்தான் நம் மெக்கானிக்குகள் இப்படி அழைக்கிறார்கள். அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் நடத்திய கம்பெனியின் சுருக்கப் பெயர் அது. பாட்டரியால் பொறி உண்டாக்கும் முறையை 1910-ஆம் வருஷத்துக் காடிலாக் வண்டிக்குத் தந்தவர் அவரே. உள்ளே 'பாயிண்ட்' என்னும் இரு சிறு முனைகள் கூடிப் பிரிகின்றன. பிரியும் கணத்தில் காயிலில் பல்லாயிரம் வோல்ட் எழும்பி, பிளக்கில் பொறி தட்டுகிறது. பெட்ரோல் கலவை பற்றிக்கொள்ளச் சிறிது அவகாசம் வேண்டுமாதலால், பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னரே பொறி விழவேண்டும். மிகவும் முந்தினால் யந்திரம் உள்ளுக்குள் தட்டும். பிந்தினாலோ வலிவு குன்றும். உழைப்பாக வேண்டிய சக்தி வெப்பமாக வீணாகும்.

எங்கள் வண்டியில் பாயிண்டைத் தள்ளும் சிறு கட்டை தேய்ந்துபோயிருந்தது. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு இருக்கவேண்டிய இடைவெளி, பாதிகூட இல்லை. இடைவெளி குறுகினால் முனைகள் தாமதித்துப் பிரியும்; பொறியும் தாமதிக்கும். நோயின் மூலம் அதுதான். நாங்கள் ஒரு வருஷமாகத் திருகியதோ வேறிடம்!

திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தில் 948-ஆவது குறள், நோயைத் தெளிந்து, அதன் காரணத்தைத் தெளிந்து, தணிக்கும் வழியையும் தெளிந்து செய்யச் சொல்கிறது. எங்கள் யந்திரத்தின் அளவும் 948 கன சென்டிமீட்டர்! வருஷந்தோறும் அந்தக் குறளை வகுப்பில் விளக்குகிறவர்கள் நாங்கள். அதுமட்டுமா? அடிப்படைக் கணக்கே வராத பிள்ளைக்கு நாலு மார்க்கைக் கூட்டிப் போட்டு மேல் வகுப்புக்கு அனுப்பியதும் உண்டு. அதுவும் ஸ்லோவை ஏற்றிய கதைதானே!

முதியவர் எங்கள் பெண்ணைக் கூப்பிட்டார். "நீ வா, பாப்பா. என் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. இப்போது வரும் வண்டிகளில் இந்த வேலையே கிடையாது. நீயாவது தெரிந்துகொள்."

அதற்குமேல் அவர் திருப்புளியைத் தொடவில்லை. மெல்லிய தகட்டால் இடைவெளியை அளந்து சரிசெய்தவள் எங்கள் பெண். நான்கு பிளக்குகளையும் கழற்றித் துலக்கியவளும் அவளே. அவற்றின் வெள்ளைப் பகுதியைக் காட்டி, "மின்சாரத்தை வழி தவறவிடாமல் காப்பது இதுதான்" என்றார். ஆதியில் அது பீங்கானாலேயே ஆனது. 1930-களில்தான் அலுமினா வந்தது. பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்திலே இருக்க, அது பொம்மைக்கும் பாத்திரத்துக்கும் மட்டுமே உதவும் என்று எண்ணியிருந்த எங்களுக்கு அது ஒரு பாடம்.

அடுத்தபடி பொறியின் காலம். ஒரு சிறு பல்பின் ஒரு கம்பியை டெல்கோவிலும், மற்றதை வண்டியின் இரும்பிலும் இணைத்தார்கள். வண்டியை நான்காவது கியரில் போட்டு, நாங்கள் விரற்கடை விரற்கடையாகத் தள்ள, யந்திரம் மெல்லச் சுழன்று குறியிட்ட இடத்துக்கு வந்தது. அங்கே டெல்கோவை மயிரிழை திருப்பியதும் பளிச்சென்று விளக்கு எரிந்தது. முனைகள் பிரியும் கணம் அதுவே. அந்த நிலையில் அதை முடுக்கிவிட்டாள்.

ஸ்லோவுக்கு முறை கடைசியில்தான் வந்தது. பிளக்குகளைப் பூட்டி, யந்திரம் நன்றாகச் சூடேறிய பின், காற்றையும் பெட்ரோலையும் அளவிடும் கலவைத் திருகை உள்ளே திருகச் சொன்னார், யந்திரம் விக்கியது. வெளியே திருப்பச் சொன்னார். குடிகாரனைப்போல் ஏறி இறங்கி ஓடியது. இரண்டுக்கும் நடுவே ஓசை சமனப்படும் இடத்தை அவள் காதாலேயே கண்டுபிடித்தாள். "இந்தக் காலத்துப் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள்; துளி கூடுதலாகவே இருக்கட்டும்" என்றார். பிறகு, நாங்கள் ஒரு வருஷமாக ஏற்றிய திருகைக் கொஞ்சங் கொஞ்சமாக இறக்கினாள். யந்திரத்தின் மேல் வைத்திருந்த கண்ணாடிக் குவளையில் பதறிக்கொண்டிருந்த தேநீர், சிறு சிறு வளையங்களாக அடங்கியது. வண்டி அணையவில்லை!

வெள்ளாற்றுப் பாலத்துக்கு ஏறும் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். அழுத்தியதும் கணநேரம் மெல்லிய கிணுகிணுப்பு, உடனே மறைந்தது. "அதுதான் சரியான இடம்" என்றார். முந்நூறு ரூபாய்க்கு மேல் வாங்க மறுத்துவிட்டார். வண்டியை விற்கப் போகிறோம் என்பதை அறிந்ததும், "வாங்குகிறவருக்குப் பாப்பா சொல்லிக்கொடுக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பெண்ணாகடம் போகும் வழியில், வெள்ளாற்றங்கரையில் திருவட்டத்துறை. தகப்பனார் தோளில் ஏறாமல் கால் நோக நடந்து வந்த சம்பந்தப் பிள்ளைக்கு இறைவன் முத்துச் சிவிகை அளித்த தலம் அது. நாங்களோ ஐம்பதை நெருங்கியும் தகப்பனார் தோளிலேயே போய்க்கொண்டிருந்தோம். அன்றுதான் அந்தத் தோள் எங்களுக்குப் பாரமாகத் தோன்றவில்லை.

விருத்தாசலத்தில் காத்திருந்தவர் நல்ல மனிதர். யந்திரத்தின் ஓசையைக் கேட்டதும், பேசிய விலைக்கு மேலும் ஐயாயிரம் தருவதாகச் சொன்னார். நாங்கள் பதில் சொல்லத் தடுமாறிப் பெண்ணின் முகத்தைப் பார்த்தோம். அவள் தன் விரல் நுனியில் படிந்திருந்த கரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லத்தரசிதான் பேசினாள்: "அவர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொழுது சாய்வதற்குள் புறப்படலாம். திட்டக்குடியில் இன்னும் சுவாமி தரிசனம் ஆகவில்லையே!"