மிதித்தால் பிடிக்கிறது... விட்டால் விடமாட்டேன் என்கிறது!

பிரேக் பிடிக்காத லாரி என்றால் எல்லோருக்கும் பயம். பிடித்த பிரேக் உடனே விடாத லாரியைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ‘கொஞ்சம் இழுவையா இருக்கு’ என்று சொல்லிவிட்டு அடுத்த லோடுக்குக் கிளம்பிவிடுகிறோம். ஆனால், கரும்பு ஏற்றும் வண்டியில் இந்த இரண்டாவது நோயும் உயிருக்கு உலை வைக்கும். டிரம் காய்ந்து, டயர் சூடேறி, பாடிக்கு வெளியே தொங்கும் காய்ந்த சோகையில் ஒரு பொறி பட்டால் போதும். வண்டியும் போச்சு, ஒரு வருஷ வெள்ளாமையும் போச்சு.

‘பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் லாரி இரண்டு, மூன்று விநாடி இழுத்துப் பிடிக்கிறது. லைனர் மாற்றியும் சரியாகவில்லை. என்ன செய்வது?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இதே நோய் எங்கள் வண்டிக்கும் வந்தது. அதைக் கண்டுபிடித்த வழியை வரிசையாக எழுதுகிறேன்.

குற்றம் டிரைவர் தலையில்!

மோகனூர் பக்கம் காவிரிப் பாசனத்தில் நானும் சித்தப்பாவும் கூட்டாகக் கரும்பு, வாழை வைத்திருக்கிறோம். ஆறு சக்கர லாரி ஒன்றும் இருக்கிறது. அரவைப் பருவத்தில் எங்கள் கரும்பையும், அக்கம்பக்கத்துக் கரும்பையும் ஆலைக்கு ஏற்றுவோம். மற்ற மாதங்களில் பெரும்பாலும் வேப்பமரத்தடியில் நிற்கும்.

அந்த வருஷம் வெட்டு தொடங்கிய இரண்டாவது வாரமே டிரைவர் அண்ணன் வந்து சொன்னார். “தம்பி, காலை எடுத்தாலும் வண்டி உடனே ஓட மாட்டேங்குதுங்க. பின்னாடி யாரோ புடிச்சு இழுக்கற மாதிரியே இருக்குதுங்க.” டீசலும் கூடுதலாகக் குடித்தது. புது லைனர், பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது.

பட்டறைக்கு அனுப்பினோம். வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “டிரைவர் பெடல் மேலயே காலை வெச்சு ஓட்டறாருங்க” என்று சொல்லிவிட்டார்கள். அதோடு லைனர் செட், நான்கு பிரேக் சேம்பர், கால் வால்வு என்று மாற்றவேண்டியவற்றுக்கு ஒரு நீளமான பட்டியலும் கொடுத்தார்கள். சித்தப்பாவுக்குக் கோபம். லைனர் காசை டிரைவர் சம்பளத்தில் பிடித்துவிடலாம் என்றார். இருபது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர் அவர். பதில் ஒன்றும் பேசவில்லை. சாவியைக் கயிற்றுக்கட்டில் மேல் வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வெட்டிய கரும்பு கட்டிக்கட்டாகக் கிடக்கிறது. ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். அந்த நேரத்தில் நல்ல டிரைவரை இழந்தால், வேறு ஆள் கிடைக்காது. “ஒரு நாள் பொறுங்க சித்தப்பா. காரணத்தைப் பாத்துட்டுப் பேசலாம்” என்றேன். “நீங்களும் கூட இருங்கண்ணா” என்று டிரைவரையும் நிறுத்திக்கொண்டேன்.

எந்தச் சக்கரம் சுடுகிறது?

பெடலில் கால் வைத்தே ஓட்டினால், முன் சக்கரம், பின் சக்கரம் எல்லாமே சுட வேண்டும். எனவே, முதல் கேள்வி இதுதான். காலி வண்டியைச் சமமான சாலையில் எட்டு கிலோமீட்டர் ஓட்டினோம். பிரேக்கை அதிகம் தொடாமல், வேகத்தைத் தானாகக் குறையவிட்டு ஓரமாக நிறுத்தினோம். டிரம்மைக் கையால் தொடக் கூடாது, தோல் உரிந்துவிடும். விரலால் நான்கைந்து சொட்டுத் தண்ணீர் மட்டும் தெளித்தால் போதும். முன் டிரம் இரண்டிலும் தண்ணீர் வழிந்து இறங்கியது. பின் டிரம் இரண்டிலும் ‘சுர்’ரென்று ஆவியாகிப் பறந்தது.

இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும். நான்கு பக்கமும் சுட்டால் பெடலையும் கால் வால்வையும் பார்க்க வேண்டும். ஒரே ஆக்சிலின் இரு பக்கமும் சுட்டால், அந்த ஆக்சிலுக்குப் பொதுவான வால்வைப் பார்க்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் சுட்டால், அந்தச் சக்கரத்தின் ஹோஸ், சேம்பர், கேம், ஸ்பிரிங் ஆகியவற்றில் கோளாறு.

மடையும் வடிகாலும்

ஏர் பிரேக்கை விவசாயிக்குப் புரியவைப்பது எளிது. மடையைத் திறந்து வயலுக்குத் தண்ணீர் விடுவது ஒரு வேலை. நின்ற தண்ணீரை வடிப்பது இன்னொரு வேலை. மடை நன்றாக இருந்தாலும் வடிகால் அடைத்திருந்தால் பயிர் அழுகும். பிரேக்கும் அப்படித்தான். மிதிக்கும்போது டேங்கில் உள்ள காற்று சேம்பருக்குள் போய் ராடைத் தள்ளுகிறது. ராடு, ஸ்லாக் அட்ஜஸ்டரைத் திருப்ப, அது கேமைத் திருப்ப, ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கிறது. விடும்போது அந்தக் காற்று வெளியேறியாக வேண்டும்.

பின் சேம்பரில் உள்ள காற்று அவ்வளவு தூரம் திரும்பி வந்து பெடல் வழியாகப் போனால் நேரம் பிடிக்கும். அதற்காகத்தான் பின் ஆக்சிலுக்குப் பக்கத்திலேயே ரிலே வால்வு வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் ஒரு துவாரம், அதற்கு ஒரு ரப்பர் மூடி. காற்று அங்கேயே ‘புஸ்’ஸென்று போய்விடும். எங்கள் வண்டியில் முன் ஆக்சிலில் இதே வடிகால் வேலையைக் குயிக் ரிலீஸ் வால்வு செய்கிறது.

காதால் ஒரு சோதனை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டோம். மீட்டரில் காற்று 8 கிலோ ஏறியதும் இன்ஜினை நிறுத்தினோம். முள் இறங்குகிறதா என்று கொஞ்ச நேரம் கவனித்தோம், இறங்கவில்லை. இது முக்கியம். ஹேண்ட் பிரேக், காற்றால் பிடிப்பதில்லை. உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங்தான் பிடிக்கிறது. காற்று அதை அமுக்கி வைத்திருக்கிறது. காற்று குறைந்தால் நாம் எதையும் தொடாமலே ஸ்பிரிங் பிரேக்கை அழுத்தத் தொடங்கிவிடும். அதனால், காற்று முழுதாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமல் வேறு எதையும் சோதிப்பதில் பயனில்லை.

பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுவித்தோம். டிரைவர் அண்ணன் மேலே உட்கார்ந்து பெடலை நன்றாக மிதித்து, சட்டென்று விட்டார். நான் பக்கவாட்டில் நின்று காதைக் கொடுத்தேன். முன்னால் ‘புஸ்’, முடிந்தது. கேபினுக்கு அடியில் கால் வால்விலும் அதேபோல ‘புஸ்’, முடிந்தது. பின்னால் மட்டும் ‘ஸ்ஸ்ஸ்ஸ்...’ என்று மூக்கடைத்தவர் மூச்சு விடுவதுபோல இழுத்தது. பின் ராடு இரண்டும் மெதுவாக, ஒரே வேகத்தில் உள்ளே போயின. சத்தம் நின்றபோதுதான் ராடும் நின்றது.

இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. கால் வால்வு தன் காற்றை உடனே விட்டுவிட்டது. ஆகவே, பெடல் மேல் குற்றமில்லை. சத்தமும் ராடும் சேர்ந்தே முடிந்தன. ஆகவே, கோளாறு காற்றில்தான், இரும்பில் இல்லை. காற்று முழுதாகப் போன பிறகும் ராடு வெளியிலேயே நின்றிருந்தால் கேம் புஷ் துருப்பிடித்திருக்கும், இல்லையென்றால் ஷூ ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மூன்றாவது, இரு பக்கமும் ஒரே மாதிரி மந்தம். இரண்டு ஹோஸும் ஒரே நாளில் ஒரே அளவு கெட்டுப்போவது அரிது. மிச்சமிருப்பது ரிலே வால்வு ஒன்றுதான்.

உள்ளே குளவி வீடு!

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கட்டைகளைச் சரிபார்த்து, டேங்க் காற்றை முழுதாக இறக்கிவிட்டு, தெரிந்த மெக்கானிக் ஒருவரை வரவழைத்து ரிலே வால்வைக் கழற்றினோம். அடியிலிருந்த ரப்பர் மூடி பாதி கிழிந்திருந்தது. உள்ளே மண். வயல் சேறு மட்டுமல்ல. மண்குளவி கட்டிய கூடு. உடைத்தால் காய்ந்த சிலந்திகள் உதிர்ந்தன. வண்டி வேப்பமரத்தடியில் நின்ற மாதங்களில் கிழிந்த மூடி வழியாகக் குளவி குடிபுகுந்திருக்கிறது. பருவம் தொடங்கியதும் ஈர வயலின் சேறும், கம்ப்ரஸரில் இருந்து காற்றோடு வந்த எண்ணெயும் அதன்மேல் அப்பி இறுகிவிட்டன. ஒரு பென்சில் நுழையும் அளவுக்கு மட்டும் வழி இருந்தது. பின் சேம்பர் காற்று அத்தனையும் அந்தச் சந்து வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆணியால் குத்தி எடுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யக் கூடாது. உள்ளே காற்றை அடைக்கும் ரப்பர் சீட்டில் கீறல் விழுந்தால், அப்புறம் நிற்காமல் கசியும். வால்வைப் பிரித்து, துடைத்து, ரப்பர் கிட் மாற்றி, புது மூடி போட்டுப் பூட்டினோம். சில நூறு ரூபாயோடு வேலை முடிந்தது. மறுபடி காற்று ஏற்றி மிதித்து விட்டபோது பின்னாலும் ‘புஸ்’. அதே எட்டு கிலோமீட்டர் ஓட்டிவந்து தண்ணீர் தெளித்தோம். பின் டிரம்மிலும் தண்ணீர் வழிந்து இறங்கியது.

சித்தப்பா இதையெல்லாம் கட்டிலில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து சாவியை டிரைவர் அண்ணன் கையில் கொடுத்தார். “மேக்காட்டுக் கரும்பு ரெண்டு நாளாக் காயுது. மொதல்ல அதை ஏத்திருங்க” என்றார். சம்பளப் பேச்சு அதன்பிறகு எழவில்லை.

உங்கள் வண்டியில் வேறு என்னவெல்லாம் இருக்கலாம்?

பெடல்: கீழே மண், கல், மடங்கிய மேட் இருந்தால் பெடல் முழுதாக மேலே வராது. கால் வால்வு கொஞ்சம் திறந்தே இருக்கும். நான்கு டிரம்மும் சுடும். இதைச் சரிசெய்யக் காசே வேண்டாம்.

ஹோஸ்: வெளியே பார்க்கப் புதிதாக இருக்கும். உள் ரப்பர் உரிந்து தொங்கினால், போகிற காற்றை விட்டுவிட்டு, வருகிற காற்றை மறிக்கும். ஒரு சக்கரம் மட்டும் சுடுவதற்கு இது ஒரு காரணம்.

ஸ்லாக் அட்ஜஸ்டர்: ‘பிரேக் நல்லா நிக்கணும்’ என்று அளவுக்கு மீறி முறுக்கிவிட்டால் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும்.

கேம் புஷ்: பிரஷர் தண்ணீரில் கழுவிய பிறகு கிரீஸ் அடிக்காமல் விட்டால் துருப்பிடித்து இறுகும்.

ஏ.பி.எஸ். வால்வு: ஏ.பி.எஸ். உள்ள புதிய வண்டிகளில், சேம்பருக்குப் போகும் வழியில் இன்னொரு வால்வும் இருக்கும். அதற்கும் ஒரு வடிகால் துவாரம் உண்டு; அதையும் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள்

பின் சேம்பரைச் சுற்றியுள்ள வளையத்தை எக்காரணம் கொண்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள். உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். அது, தெரிந்த மெக்கானிக் ஸ்பிரிங்கை போல்ட் போட்டுப் பூட்டிய பிறகு செய்யும் வேலை.

ஓடும்போது சக்கரத்தில் புகையோ, கருகல் வாடையோ வந்தால், ‘ஆலை பக்கம்தானே’ என்று ஓட்டாதீர்கள். ஆள் நடமாட்டமும், சோகையும் இல்லாத இடத்தில் நிறுத்திக் கட்டை போடுங்கள். டயர் காய்ந்திருந்தால், அதற்கு நேராக நிற்காமல் தள்ளி நில்லுங்கள், வெடிக்கும். தீ பிடித்துவிட்டால் 101-க்கு அழையுங்கள். டயர் தீ அணைந்ததுபோல இருந்து மறுபடியும் பற்றும் என்பதை மறக்க வேண்டாம்.

வண்டியை நிறுத்தும் முன்...

பருவம் முடிந்து லாரியை நிறுத்தும்போது, ஒவ்வொரு வால்வின் அடியிலும் ரப்பர் மூடி முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். குளவி வராமல் இருக்கத் துணி அடைக்காதீர்கள். எடுக்க மறந்தால் அதுவே நோயாகிவிடும். டேங்குகளில் தேங்கும் தண்ணீரையும் எண்ணெயையும் இறக்குங்கள். பருவத்தில் இதைத் தினமும் செய்ய வேண்டும். எண்ணெய் நிறைய வந்தால், கம்ப்ரஸரைக் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். நிற்கும் மாதங்களிலும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை இன்ஜினை ஓட்டிக் காற்று ஏற்றி, பெடலைப் பத்து முறை மிதித்து விடுங்கள். கூடவே, விடும் சத்தத்தையும் கேளுங்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: லைனர் மாற்றியும் இழுவை நிற்கவில்லை என்றால், புது லைனரும் இப்போது தேய்ந்துகொண்டுதான் இருக்கும். அடுத்த பாகத்தை வாங்கும் முன் எட்டு கிலோமீட்டர் ஓட்டி, நான்கு டிரம்மிலும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் ‘சுர்’ என்கிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள். உங்கள் டிரைவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி எப்போதிருந்து, எந்த இடத்தில் இழுக்கத் தொடங்கியது என்பது அவருக்குத்தான் தெரியும்.